பேராசிரியர் வி. ராஜாராமன் மறைவு: வகுப்பில் உட்காராமலே அவரிடம் படித்தவர்களின் நினைவுகள்

ஈரோட்டு வாசகர்

கணினியியல் பேராசிரியர் வி. ராஜாராமன் 2025 நவம்பர் 8 அன்று பெங்களூரில் காலமானார். அவருக்கு வயது 92. அவர் 1933 செப்டம்பர் 8 அன்று எங்கள் ஈரோட்டில் பிறந்தவர் என்பது ஊரிலேயே பலருக்குத் தெரியாது. பள்ளிப் படிப்பும் இயற்பியல் பட்டமும் தில்லியில் முடிந்தன. அதன்பின் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து, அங்கே உருவாகிக்கொண்டிருந்த அனலாக் கணினியில் (இலக்கங்களுக்குப் பதிலாக மின்னழுத்த அளவுகளை வைத்துக் கணக்கிடும் வகை) வேலை பழகினார். பிறகு எம்.ஐ.டி.யிலும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும் படித்து 1961-இல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவிலேயே தங்கிவிடாமல் திரும்பி வந்து, அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்த கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியரானார். 1982 முதல் 1994 வரை இந்திய அறிவியல் கழகத்தின் மீக்கணினிக் கல்வி, ஆராய்ச்சி மையத்துக்குத் தலைமை வகித்தார். 1976-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசும் 1998-இல் பத்ம பூஷணும் அவருக்குக் கிடைத்தன.

நான் படித்த இரங்கல் குறிப்புகளில் பல, இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி அவருடைய மாணவர் என்பதையே முன்னிறுத்துகின்றன. அது உண்மைதான். ஆனால் கான்பூர் வகுப்பறையில் அவர் முன்னால் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்த வாசலைக்கூடப் பார்க்காமல், அவருடைய புத்தகங்களையும் அவர் வகுத்த பாடத்திட்டங்களையும் வைத்தே தொழில் கற்றவர்கள் அதைவிடப் பல மடங்கு இருப்பார்கள். அவர்கள் இங்கே எழுத வேண்டும் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். வெறும் அஞ்சலி வரிகளாக இல்லாமல், அவரிடமிருந்து எதைக் கற்றீர்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும்.

அட்டைக் காலத்தவர்

நீங்கள் கேட்டதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எழுபதுகளில் நான் ஒரு பொறியியல் நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் இளநிலைப் பொறியாளராக இருந்தேன். உத்திரங்களின் வளைவைக் கணக்கிட, நகரும் அளவுகோலான ஸ்லைடு ரூலைத்தான் பயன்படுத்திவந்தோம். வேறொரு நிறுவனத்தின் கணினியில் மணிக்கணக்கில் நேரம் வாங்கி இந்தக் கணக்குகளைப் போடலாம் என்று மேலிடம் முடிவு செய்தபோது, நிரல் எழுதத் தெரிந்தவர் எங்கள் பிரிவில் ஒருவர்கூட இல்லை. கற்றுத்தர ஆளும் இல்லை. திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதைக் கடையில் கிடைத்த ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழி பற்றிய ராஜாராமனின் புத்தகம்தான் எங்கள் பிரிவு முழுவதற்கும் வாத்தியார்.

அந்தக் காலத்து வேலைமுறை தெரியாதவர்களுக்கு அந்தப் புத்தகத்தின் அருமை புரிவது கடினம். நிரலின் ஒவ்வொரு வரியும் எண்பது பத்திகள் (செங்குத்து வரிசைகள்) கொண்ட ஓர் அட்டையில் துளைகளாக இடப்படும். முதல் ஐந்து பத்திகள் கூற்றின், அதாவது கட்டளையின், எண்ணுக்கும், ஆறாவது பத்தி முந்தைய வரியின் தொடர்ச்சி என்று காட்டுவதற்கும், ஏழு முதல் எழுபத்திரண்டு வரையிலானவை கூற்றுக்கும் உரியவை. கூற்று ஒரு பத்தி தள்ளி ஆறாவதில் தொடங்கிவிட்டால், இயந்திரம் அதை முந்தைய வரியோடு ஒட்டிப் படித்துக் குழம்பிவிடும். அட்டைக் கட்டைக் காலையில் கொடுத்தால், அச்சிட்ட தாள் மாலையிலோ மறுநாளோ கிடைக்கும். பிரித்துப் பார்த்தால், ஒரு காற்புள்ளி விடுபட்டிருக்கிறது என்ற ஒரே ஒரு செய்தி இருக்கும். ஒரு காற்புள்ளிக்கு ஒரு நாள் போய்விடும்.

ஆகவே, நிரலை இயந்திரத்திடம் கொடுப்பதற்கு முன் காகிதத்தில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ராஜாராமன் தம் வாசகர்களைப் பழக்கியது இதற்குத்தான். முதலில் கணக்கைச் சொல்வார். அடுத்து, படிகளை வரிசையாகக் காட்டும் பாய்வுப்படம் வரும். நிரல் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு மாறிக்கும் (எண்ணைத் தாங்கும் பெயருக்கும்) ஒரு கட்டம் வரைந்து, சுழற்சியின் ஒவ்வொரு சுற்றிலும் எந்தக் கட்டத்தில் எந்த எண் இருக்கிறது என்று பென்சிலால் எழுதி வரும் பழக்கம் எங்களுக்கு அப்படித்தான் வந்தது. முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் கையால் சரிபார்த்துவிட்டால் பாதிப் பிழைகள் அங்கேயே அகப்பட்டுவிடும்.

ஃபோர்ட்ரானில் இன்னொரு பொறியும் உண்டு. ஆங்கிலத்தின் ஐ (I) முதல் என் (N) வரையிலான எழுத்துகளில் தொடங்கும் மாறிகள், வேறாக அறிவிக்கப்படாவிட்டால் முழு எண்களாகவே கொள்ளப்படும். வருமானத்தைக் குறிக்க 'இன்கம்' என்று பெயர் வைத்தால், சம்பளப் பட்டியலில் பைசாக்கள் எல்லாம் காணாமல் போய்விடும். எங்கள் கணக்கர் இதைக் கேட்டுவிட்டு, அரசாங்கம்கூட இவ்வளவு துல்லியமாக வெட்டுவதில்லை என்றார்.

புத்தகத்தின் விலையையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த கணினி நூல்கள் எங்கள் மாதச் சம்பளத்துக்கு எட்டாதவை. ராஜாராமன் தம் நூல்களை மலிவுப் பதிப்பாகவே கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு பிரதி வாங்கி, ஓரங்களில் எழுதி, அடிக்கோடிட்டு, மேசையிலேயே வைத்துக்கொள்ள முடிந்ததற்கு அதுவே காரணம். நூலகத்திலிருந்து இரவல் வாங்கிய புத்தகத்தில் யாரும் நிரல் எழுதப் பழகிவிட முடியாது என்பது என் எண்ணம்.

கோவை நூற்பாலை

அட்டைக் காலத்தவர் ஐயாவின் பதிவு எங்கள் ஆலையின் கணினி அறைக்கே அழைத்துப் போய்விட்டது. நான் வந்தது எண்பதுகளின் இறுதியில். எனக்கு உதவியது அவருடைய நிரலாக்க நூல் அன்று. தகவல் அமைப்புகளைப் பகுத்தாய்ந்து வடிவமைப்பது பற்றிய நூல்.

தொழிற்சாலைக்காரர்களுக்கு நிரல் எழுதுவது பெரிய சிக்கல் இல்லை. என்ன எழுத வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் சிக்கல். ஊக்கத்தொகைக் கணக்கைக் கணினிக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தபோது, விதிகளைக் கேட்கப் போனேன். மேஸ்திரி ஒன்று சொன்னார், நேரக் காப்பாளர் வேறொன்று சொன்னார், கணக்குப் பிரிவு இரண்டுக்கும் ஒத்துவராத மூன்றாவது ஒன்றைச் சொன்னது. ராஜாராமனின் நூலில் முடிவு அட்டவணை பற்றிய பாடம் இருக்கிறது. நிபந்தனைகளை மேலே வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று எல்லாச் சேர்க்கைகளையும் பத்திகளாக விரித்து, ஒவ்வொரு பத்திக்கும் என்ன செய்வது என்பதைக் கீழே குறிக்க வேண்டும். இரவு ஷிப்டா, உற்பத்தி இலக்கை எட்டினாரா, அந்த வாரம் விடுப்பு எடுத்தாரா என்று மூன்று நிபந்தனைகள் என்றால் எட்டுப் பத்திகள் வரும்.

அந்த எட்டையும் ஒரு தாளில் எழுதி மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தேன். ஐந்து பத்திகளில் மூவரும் ஒத்துப்போனார்கள். இரண்டில் சண்டை வந்தது. எட்டாவது பத்திக்கு விதியே கிடையாது என்பதும், அந்த நிலை வரும்போதெல்லாம் யார் பணியில் இருக்கிறாரோ அவர் மனத்துக்குத் தோன்றியதைப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. தொழிலாளர்களுக்கும் நிர்வாகத்துக்கும் இருந்த பழைய மனத்தாங்கல் ஒன்றின் வேர் அந்த எட்டாவது பத்தியில்தான் இருந்தது. ஒரு வரி நிரல்கூட எழுதுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது.

பயிற்சி என்ற பெயரில் எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். அவற்றிலிருந்து வெளியே வந்து மறுநாளே மேசையில் பயன்படுத்த முடிந்தவை மிகச் சில. இது அவற்றுள் முதன்மையானது. கற்றுத்தந்தவரை நான் நேரில் பார்த்ததே இல்லை.

மதுரை எம்.சி.ஏ.

நான் தமிழ்வழியில் பள்ளி முடித்து, மகளிர் கல்லூரி ஒன்றில் கணிதம் படித்து, தொண்ணூறுகளில் கணினிப் பயன்பாட்டு முதுநிலைப் படிப்பான எம்.சி.ஏ.வில் சேர்ந்தவள். என் போன்றவர்களுக்கு அவர் செய்த உதவி இரண்டு வகை.

முதலாவது, எம்.சி.ஏ. என்ற படிப்பே. 1978-இல் அமெரிக்கக் கணினி நிறுவனமான ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதே காலத்தில் சிறிய, மலிவான கணினிகள் அலுவலகங்களுக்கு வரத் தொடங்கின. அவற்றை இயக்கவும் அவற்றுக்கு நிரல் எழுதவும் ஆட்கள் வேண்டும். பொறியியல் கல்லூரிகளிலிருந்து வெளிவந்தவர்களோ மிகக் குறைவு. கணினித் துறைக்கான மனிதவளத்தை வளர்ப்பது பற்றி ஆராய அரசின் மின்னணு ஆணையம் அமைத்த குழுவுக்கு ராஜாராமன் தலைவராக இருந்தார். பி.எஸ்சி., பி.காம். முடித்த பட்டதாரிகள் நாடு முழுவதும் ஏராளமாக இருக்கிறார்கள், அவர்களை மூன்று ஆண்டுகளில் தேர்ந்த கணினித் தொழிலாளர்களாக ஆக்க முடியும் என்பது அந்தக் குழுவின் வழி. எண்பதுகளின் தொடக்கத்தில் எம்.சி.ஏ. அப்படித்தான் பிறந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் பொறியியலுக்குப் போக முடியாத, அல்லது வீட்டில் அனுப்ப விரும்பாத பெண்களுக்கு, மூன்று ஆண்டுகள் கழித்து இன்னொரு வாசல் திறந்தது. எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். கடைசிப் பருவம் முழுவதும் ஒரு நிறுவனத்தில் திட்டப்பணி செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு, நேர்காணலுக்குப் போவதற்கு முன்பே எங்களை ஓர் அலுவலகத்துக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தது.

இரண்டாவது, அவருடைய ஆங்கிலம். முதல் பருவத்தில் எங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அமெரிக்கப் பாடநூல்களில், ஒரு வாக்கியத்தின் எழுவாயைத் தேடிப் பிடிப்பதற்குள் மின்விசிறி நின்று மின்சாரம் போயிருக்கும். ராஜாராமனின் வாக்கியங்கள் குட்டையானவை. ஒரு பத்தியில் ஒரு கருத்துக்கு மேல் இராது. அகராதி இல்லாமல் நான் படித்து முடித்த முதல் ஆங்கிலப் புத்தகம் அவருடையதுதான். 'எளிய நூல், ஆழம் குறைவு' என்று சில பேராசிரியர்கள் உதட்டைப் பிதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் தமிழ்வழி மாணவியாக ஒரு பருவம் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

நடுநிலையாளர்

மறைந்த பெரியவர் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் இந்த இழை போகும் போக்கில் எல்லாவற்றையும் ஒருவர் தலையிலேயே ஏற்றிவிடுவோம் போலிருக்கிறது. 1955-இலேயே கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு எச்.ஈ.சி.-2எம் என்ற எண்ணிம (டிஜிட்டல்) கணினி வந்துவிட்டது. பம்பாயில் டாடா ஆய்வு நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு டிஃப்ராக் என்ற கணினியைத் தாங்களே கட்டி, 1960-இல் இயக்கிக் காட்டியது. கான்பூரிலோ, ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு பணமும் இயந்திரமும் ஆசிரியர்களும் தந்தது. ஹாரி ஹஸ்கி போன்ற பெயர்பெற்ற அமெரிக்கக் கணினி வல்லுநர்களே அங்கே வந்து தொடங்கிவைத்தார்கள். அங்கே உடன் பணியாற்றிய எச்.என். மகாபாலா பின்னர் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்து ஒரு தலைமுறையையே உருவாக்கினார். இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் மகாபாலாவின் மாணவர். இவர்களையும் சொல்ல வேண்டாமா?

எம்.சி.ஏ. பற்றியும் ஒரு கேள்வி. ஒரு காலத்தில் நம் மாநிலத்தில் மூலைக்கு ஒரு கல்லூரி எம்.சி.ஏ. நடத்தியது. கணினிகளே போதாத ஆய்வகங்களில் படித்து, கட்டணம் கட்டி, வேலையின்றி நின்றவர்களை நான் அறிவேன். இப்போது அந்தப் படிப்பே இரண்டாண்டாகச் சுருங்கிவிட்டது. இதையும் அவர் கணக்கில்தானே எழுத வேண்டும்?

ஈரோட்டு வாசகர்

நடுநிலையாளர் ஐயா சொன்ன பெயர்கள் எல்லாம் சொல்லப்பட வேண்டியவையே. ராஜாராமனே இந்தியக் கணினியியலின் வரலாற்றை எழுதியபோது கதையை 1955-இலிருந்து, நீங்கள் குறிப்பிட்ட அந்தக் கல்கத்தா இயந்திரத்திலிருந்துதான் தொடங்குகிறார். டிஃப்ராக்குக்கு அதில் உரிய இடம் கொடுத்திருக்கிறார்.

கான்பூரின் சிறப்பு இயந்திரத்தில் இல்லை என்பது என் கருத்து. 1963 ஆகஸ்டில் அங்கே வந்த ஐபிஎம் 1620, உலக அளவில் ஒரு சிறிய கணினி. கூட்டுவதற்குத் தனி மின்சுற்றுகூட இல்லாமல், நினைவகத்தில் வைத்திருக்கும் வாய்ப்பாட்டைப் பார்த்துக் கூட்டும் வகை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த கணினிகள் முதன்மையாக ஆய்வுக்கானவை. கான்பூரில் அதை மாணவர்கள் கையிலேயே விட்டார்கள். அறைக்கு வெளியே நின்று அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கமான முறைக்கு மாறாக, எழுதியவரே உள்ளே போய் ஓட்டிப் பார்க்கலாம். அதோடு பிற ஊர்களின் ஆசிரியர்களையும் அறிவியலாளர்களையும் பொறியாளர்களையும் வரவழைத்து, பத்து நாள் தீவிர வகுப்புகளாக நிரலாக்கமும் எண்முறைக் கணிப்பும் (எண்களைக் கொண்டு தோராய விடை காணும் முறை) சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி வந்தவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பி மற்றவர்களுக்குக் கற்றுத்தந்தார்கள். 1965-இல் மின்பொறியியல் துறைக்குள் கணினியியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.டெக். தொடங்கியது. அமெரிக்கக் கூட்டமைப்பின் திட்டம் 1972-இல் முடிந்தது. வந்தவர்கள் ஊர் திரும்பிய பின்னும் பாடம் நின்றுவிடாமல் நடந்ததற்கு இங்கே இருந்தவர்கள்தான் காரணம். அவர்களுள் ராஜாராமன் ஒருவர், மகாபாலா ஒருவர்.

எம்.சி.ஏ. பற்றி நீங்கள் எழுப்பிய கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. பாடத்திட்டத்தை வகுத்தவரும் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தவர்களும் ஒரே ஆட்கள் அல்லர் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

மதுரை எம்.சி.ஏ.

ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். நடுநிலையாளர் ஐயா சொன்ன கணினி போதாத கல்லூரிகளில் ஒன்றில்தான் நானும் படித்தேன். கணினி இல்லாத நாள்களில் எங்களைக் கரையேற்றியது, கணினி இல்லாமலே நிரலை ஓட்டிப் பார்க்கக் கற்றுத்தந்த அந்தப் புத்தகங்கள்தான்.

எண்முறை ஆசிரியை

நான் பல ஆண்டுகளாகக் கல்லூரியில் எண்முறைக் கணிதம் நடத்துகிறேன். 'ஆழம் குறைவு' என்ற பேச்சுக்கு என் பாடத்திலிருந்து ஒரு மறுப்பு.

பெரும்பாலான எண்முறை நூல்கள் சமன்பாட்டுக்குத் தீர்வு காண்பதிலிருந்து தொடங்கும். ராஜாராமனின் நூல், கணினி எண்களை எப்படிச் சேமிக்கிறது, அதனால் கூட்டல் கழித்தலுக்கே என்ன ஆகிறது என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறது. நான்கு இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும் ஒரு கற்பனைக் கணினியை நினைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியவற்றை அது வெட்டிவிடும். வகுப்பில் நான் தரும் எண்கள் இவை: 6.234, 0.04567, 6.211. முதல் இரண்டையும் கூட்டினால் 6.27967. கணினி அதை 6.279 என்று வெட்டிவிடும். அதிலிருந்து 6.211-ஐக் கழித்தால் 0.068. இப்போது வரிசையை மாற்றுங்கள். முதலில் 6.234-இலிருந்து 6.211-ஐக் கழித்தால் 0.023. அதோடு 0.04567-ஐக் கூட்டினால் 0.06867. பள்ளியில் படித்த கணிதப்படி இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இயந்திரத்தில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு வேறுபாடு வந்துவிட்டது, அதுவும் இரண்டே செயல்களில்.

கூட்டலின் சேர்ப்பு விதி (எந்த இரண்டை முதலில் கூட்டினாலும் விடை ஒன்றே என்பது) கணினியில் செல்லாது என்பதை நம் மாணவர்கள் நம்பவே மாட்டார்கள். கால்குலேட்டர் தவறு செய்யாது என்பது அவர்கள் ஊறிவந்த நம்பிக்கை. அதை முதல் வாரத்திலேயே அசைத்துவிட்டால், பிறகு ஒவ்வொரு விடையையும் ஐயத்தோடு பார்க்கத் தொடங்குவார்கள். ஒரு சுழற்சியை எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கு, 'இரண்டு விடைகளும் சமமாகும்போது' என்று எழுதாமல், 'வேறுபாடு இவ்வளவுக்குக் கீழே வரும்போது' என்று எழுதுவார்கள். பாலம் கட்டப்போகும் பொறியாளருக்கு இது தெரியாவிட்டால் என்ன ஆழம் இருந்து என்ன பயன்?

இன்னொரு செய்தி. தொண்ணூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த நிலையிலும், 2023-இல், எலைசா என்ற பழைய உரையாடல் நிரலிலிருந்து சாட்ஜிபிடி வரை மனிதரும் கணினியும் உரையாடிய வரலாற்றை 'ரெசனன்ஸ்' இதழில் மாணவர்களுக்காக எழுதினார். 1960-களின் எலைசாவையும் இன்றைய உரையாடிகளையும் ஒருசேர அறிந்து, இரண்டையும் இளநிலை மாணவருக்குப் புரியும்படி சொல்லக்கூடியவர்கள் அதிகம் இல்லை.

இரண்டாம் ஆண்டு

பெரியவர்களின் பதிவுகளைப் படித்த பிறகே அவரைப் பற்றி அறிந்தேன். நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். எங்களுக்கு எல்லாப் பாடங்களும் பைத்தான் என்ற நிரல் மொழியில்தான் நடக்கின்றன. அட்டை, ஃபோர்ட்ரான் எல்லாம் எங்களுக்குத் தேவைப்படாது. அவருடைய நூல்களில் இப்போது படிக்கத்தக்கவை எவை? அல்லது மதிப்புக்காக மட்டும் சொல்கிறீர்களா?

அட்டைக் காலத்தவர்

நேர்மையான கேள்வி, தம்பி. மதிப்புக்காக எதையும் படிக்க வேண்டாம். அவருடைய புத்தகங்கள் பூசையறையில் வைப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஃபோர்ட்ரான் நூலை விட்டுவிடுங்கள்; என் போன்றவர்களுக்கு அது நினைவுப் பொருள், உங்களுக்கு அது சுமை. வன்பொருள் பற்றி அவர் பழைய பதிப்புகளில் எழுதியவையும் காலாவதியானவை. புதிய பதிப்பு கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். கோவை நண்பர் சொன்ன முடிவு அட்டவணைப் பாடத்தை நீங்கள் திட்டப்பணி செய்யப் போவதற்கு முன் கட்டாயம் படித்துவிடுங்கள், அது எந்த மொழிக்கும் பொருந்தும். நம் நாட்டில் கணினி எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பினால் அவருடைய வரலாற்று நூல் இருக்கிறது.

எண்முறை ஆசிரியை

அதோடு எண்முறை நூலின் முதல் அத்தியாயங்கள் மட்டுமாவது. நான் மேலே கொடுத்த கணக்கை முதலில் காகிதத்தில் நான்கு இலக்கத்தில் செய்து பாருங்கள். பிறகு பைத்தானைத் திறந்து 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டுங்கள். 0.30000000000000004 என்று வரும். உங்கள் கணினி நான்கு தசம இலக்கங்களுக்குப் பதிலாக ஐம்பத்து மூன்று இரும இலக்கங்களை (0, 1 மட்டும் உள்ளவை) வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. 0.5-ஐயும் 0.25-ஐயும் கூட்டினால் அப்படி வராது. ஏன் வராது என்பதற்கான விளக்கத்தை எழுதி இங்கேயே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.